ஜெலுத்தோங்கில் எதைக் கேட்பது?

மலேசியாவில் சமூகப்பணியை முதலில் பட்டப்படிப்பாக்கியது பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம், ஆண்டு 1975. ஜெலுத்தோங் வட்டாரம் அங்கிருந்து பக்கம்தான். அங்கே ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர் முன் இரண்டு கேள்விகளை வைத்துப் பார்ப்போம். ஒன்று, பினாங்கு இந்தியர்களின் வறுமைக்குக் காரணம் என்ன? மற்றது, ஜெலுத்தோங் பிளாட்டுகளில் தனியே வாழும், 60 வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்கள், சமூகநல இலாகாவின் உதவித்தொகைக்கு மனுப் போடும்போது எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள்?

முதல் கேள்வி மேடைக்கு எடுப்பாக இருக்கும். ஆய்வென்று வந்தால், யாரை ஏழை என்று கொள்வது என்பதிலேயே மாட்டிக்கொள்ளும். குடும்ப மாத வருமானத்துக்கான வறுமைக்கோடு 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ஆனது. உடனே 2016இல் 0.4 விழுக்காடாக இருந்த நாட்டின் வறுமை 2019க்கு 5.6 ஆகிவிட்டது. மூன்றாண்டில் மக்கள் நொடித்துப்போகவில்லை, அளவுகோல்தான் மாறியது. லண்டன் வறுமையைப் பற்றி சார்லஸ் பூத் 17 தொகுதிகள் கொண்டுவந்தார், உண்மைதான். அவர் கப்பல் முதலாளி. பணமும் இருந்தது, உதவியாட்களும் இருந்தார்கள். நம் மாணவருக்கு இருப்பது இறுதியாண்டு மட்டும்.

இரண்டாவதில் யாரிடம் போவது, எதைக் கேட்பது என்பது உடனே தெரிகிறது. மனுப் பாரம் மலாயில் இருக்கும். நிரப்பித் தருவது யார்? அடையாள அட்டை நீலமா, சிவப்பா? சிவப்பென்றால் நிரந்தரவாசி, குடிமக்களுக்கான இந்தத் தொகை அவருக்கு இல்லை. மகன் இருக்கிறானா என்ற கேள்விக்கு, "இருக்கான், ஆனா இல்ல" என்று ஒரு பாட்டி சொன்னால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? எனக்கு ஆய்வே அந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.

ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. இலாகாவின் பெயர்ப் பட்டியலோடு போனால், பணம் கிடைத்தவர்களைத்தான் பார்க்க முடியும். மனுவைப் பாதியில் விட்டவர்களைக் கோயில் அன்னதானத்திலும், கீழ்மாடிக் கடைக்காரர் வழியாகவும்தான் தேட வேண்டும்.

பெரிய கேள்வியை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. அந்த அட்டை ஏன் சிவப்பாகவே நின்றது என்று கேட்டால், குடியுரிமைக்கு மனுப் போடாமல் விட்ட தோட்டக் குடும்பங்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969க்குப் பின் வந்த வேலை பெர்மிட் கெடுபிடி என்று பழைய கதை விரியும். அதற்குப் பின்னணி அத்தியாயம் போதும்.

கதவைத் திறப்பவர், வந்திருப்பது இலாகா ஆள் என்றே நினைப்பார்; "பணம் எப்ப வரும்?" என்பார். மனுவை யாரிடம், எங்கே கொடுக்கலாம் என்ற விவரத்தையும் கேள்வித்தாளோடு கொண்டுபோக வேண்டும்.