ஓயாவில் நுரை வந்த கதை



போன கிழமை தரம் 9 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், சவர்க்காரம் வர்றதுக்கு முந்தி ஆக்கள் உடுப்ப எதால கழுவினாங்க?" பாடப் புத்தகத்தில் விடை இல்லை. அன்றிரவு உம்மும்மாவிடம் கேட்டேன். பிறகு கொஞ்சம் படித்தேன். பதிவு நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

உம்மும்மா முதலில் சொன்னது பூவந்திக்கொட்டை. சிங்கள அயலவர்கள் பெனெல என்பார்கள். கொட்டையை உடைத்து ஊறப்போட்டுக் கசக்கினால் நுரை வரும். பட்டுத்துணிக்கு இன்றும் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண உடுப்புக்கு அடுப்புச் சாம்பல். விறகுச் சாம்பலை ஊறவைத்து வடித்தால் கிடைப்பது பொற்றாசியம் காபனேற்றுக் கரைசல். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அந்தக் காரம்தான். சவர்க்காரம் என்ற நம் சொல்லிலும் அந்தக் காரம் இருக்கிறது. சவர் என்றால் உவர்ப்பு.

தோட்டங்களில் கதை கொஞ்சம் வேறு. கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபோது, அவர்களோடு சலவைத் தொழிலாளரும் வந்தார்கள். ஊரில் அவர்கள் செய்த முறைக்கு வெள்ளாவி என்று பெயர். உவர்மண்ணில் இயற்கையாகவே சோடியம் காபனேற்று இருக்கும். அதைக் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, பெரிய பானையின் வாயில் அடுக்கி, கீழே தீ மூட்டி இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். விடிந்ததும் கல்லில் அடித்து அலசி வெயிலில் காயப்போட்டால் துணி பளிச்சென்று வரும். கொழுந்துக் கறை பிடித்த உடுப்பைத் துவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம். "அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை" என்று பெருமைப்படுவது சுலபம். ஆனால் அந்தச் சுத்தம் டோபி குடும்பத்தின் முதுகில் ஏறி நின்றது. ஊரார் தொட்ட அழுக்கையெல்லாம் வெளுத்துக் கொடுத்தவரைத்தான் ஊரார் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஆகவே அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

பிறகு கட்டிச் சவர்க்காரம் வந்தது. சன்லைட் இங்கிலாந்தில் 1884 இல் விற்பனைக்கு வந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். லீவர் பிரதர்ஸ் கம்பனி இலங்கையில் தொடங்கியது 1938 இல். சாம்பல் வடிக்கும் வேலை வீடுகளில் மெல்ல மெல்லக் குறைந்தது. எழுபதுகளின் தட்டுப்பாட்டில் ஒரு கட்டியை நூலால் நான்காக அறுத்து, ஒரு துண்டை மட்டும் வெளியே வைத்ததாக உம்மும்மா சொன்னார். மற்ற மூன்றும் பெட்டகத்தில், பூட்டோடு!

கட்டிச் சவர்க்காரம் கொழுப்பும் காரமும் சேர்ந்தது. ஆற்று நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். சவர்க்காரத் தூள் அப்படியல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெற்றோலிய மூலப்பொருட்களிலிருந்து செய்த தூள்கள் உலகெங்கும் பரவின. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரை பொங்கி ஓடின, ஏனென்றால் அந்த இரசாயனம் இலகுவில் சிதையவில்லை. 1965 இல் அமெரிக்கக் கம்பனிகள் சிதையக்கூடிய வகைக்கு மாறின. நுரை குறைந்தது, ஆனால் பொஸ்பேற்று தங்கிவிட்டது. அது பாசிக்கு உரம். பாசி பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்து மீன் சாகும். அமெரிக்காவின் ஈரி ஏரி இப்படித்தான் பேர் கெட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத் தூளில் பொஸ்பேற்றுக்குக் கடும் வரம்பு விதித்ததே 2013 இல்தான்.

நம் பக்கம் என்ன நடந்தது? கழுவுகிற இடம் மாறவில்லை. அதே பீலிக்கரை, அதே ஓயாக் கல். கையிலிருக்கும் பொருள் மட்டும் மாறிவிட்டது. சாம்பல் தண்ணீரைத் தாங்கிய ஆறு இதையும் தாங்கும் என்று நாமே நினைத்துக்கொண்டோம். பதுளு ஓயா நம் நகரத்தோடு முடிவதில்லை. துன்ஹிந்தவில் 60 மீற்றருக்கு மேல் விழுந்து, மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக் கடல் வரை போகிறது. வழியில் எத்தனை ஊர் அதைக் குடிக்கிறது!

நான் வீட்டில் மாற்றியது சின்ன விஷயங்கள். தூளைக் கையால் அள்ளிப் போடாமல் கரண்டியால் அளந்து போடுகிறோம். நுரை கூடினால் அழுக்கு கூடப் போகும் என்பது வெறும் நம்பிக்கை, அலசத் தண்ணீர்தான் கூடச் செலவாகும். பொஸ்பேற்று இல்லை என்று பக்கெட்டில் போட்டிருந்தால் அதையே வாங்குகிறோம். சட்டைக் கொலருக்குக் கட்டிச் சவர்க்காரம் போதும். பீலிக்குப் போகிறவர்கள் வாளியில் தண்ணீர் பிடித்து, கரையிலிருந்து தள்ளி நின்று கழுவி, அழுக்குத் தண்ணீரை மண்ணில் ஊற்றலாம். மண் வடிகட்டுகிற அளவுக்கு ஓயா வடிகட்டாது. மார்கழி மழையில் உடுப்பு காயாதே என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடமும் வழி இல்லை 😀

அந்தப் பிள்ளைக்கு நாளை விடை சொல்லவேண்டும். உங்கள் வீட்டு மூத்தவர்கள் யாராவது வெள்ளாவிப் பானையைக் கண்ணால் பார்த்திருந்தால், எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.