அவங்களும் நம்ம பிள்ளைங்கதான்: திருநங்கையர் கடந்து வந்த பாதை



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நம்ம குழுக்கள் வளர்ந்த கதையை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் நான் திருநங்கைகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கு. எங்க ஊராட்சியில் 5 திருநங்கைகள் சேர்ந்து தொடங்கிய குழுவை நம்ம கூட்டமைப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வரப்போகுது. கை தூக்குவதற்கு முன்னால் விவரம் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? நான் பத்தாவது வரைதான் படித்தவள். படித்துத் தெரிந்துகொண்டதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்றேன்.

"இதெல்லாம் இப்ப வந்த கெட்ட பழக்கம், சினிமா பாத்து வந்தது" என்று சிலர் சொல்லுவாங்க. அது சரியில்லை. நம்ம மொழியின் பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்திலேயே இவர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. அதில் தொல்காப்பியர் இவர்களை உயர்திணையில்தான் வைத்திருக்கிறார். மனுசங்களுக்கு உரியது உயர்திணை, ஆடு மாட்டுக்கும் கல்லுக்கும் உரியது அஃறிணை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் பேடி ஆடலும் ஒன்று. அத்தனை காலமாக நம்மோடு இருப்பவர்கள்.

கூவாகம் கூத்தாண்டவர் கோயில் நமக்குத் தூரமில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நாம் எல்லாரும் போயிருக்கோம். பாரதப் போருக்கு முன்னால் களப்பலி ஆகப்போகிற அரவான், கல்யாணம் செய்துகொண்டு சாக வேண்டும் என்று ஆசைப்படுகிறான். சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்? கிருஷ்ணனே மோகினியாக வந்து அவனை மணந்துகொள்கிறார். அந்த மோகினியாகத் தங்களை நினைத்துத்தான் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். நம்ம ஊர் ஆண்களும் வேண்டிக்கொண்டு அங்கே தாலி கட்டிக்கொள்வது உண்டு. சாமிகிட்ட நிற்கும்போது அவர்களைக் கும்பிடுகிற நாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எழுந்து போகிறோம்.

கேவலமாகப் பார்ப்பது இருந்தாலும், அதைச் சட்டமாக எழுதி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 377 என்று ஒரு பிரிவு. ஆணும் ஆணும் உறவு வைத்துக்கொண்டால் ஆயுள் தண்டனை வரைக்கும் கொடுக்கலாம். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. நம்ம பக்கத்தில் பல சாதி மக்களைப் பிற்காலத்தில் கைரேகை வைக்க வைத்த அதே சட்டம்தான். அதில் இரண்டாவது பகுதியில் வடக்கே இருந்த திருநங்கைகளின் பெயரையும் சொத்தையும் போலீஸ் பதிவு செய்ய வழி வைத்தார்கள். பதிவானவர் பொது இடத்தில் பெண் உடை உடுத்தினாலோ, ஆடினாலோ பாடினாலோ வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், 2 வருடம் வரை சிறை. பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது. குடும்பமும் சொத்தும் இல்லாதவர்களாக ஒரு கூட்டத்தைச் சட்டமே ஆக்கியது. பிச்சை எடுக்கிறார்களே என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சுதந்திரம் வந்தும் ரொம்ப காலம் ஒன்றும் மாறவில்லை. ரேஷன் கார்டு இல்லை, வாடகைக்கு வீடு இல்லை, வேலை இல்லை. இதில் முதலில் வழி திறந்தது நம்ம தமிழ்நாடுதான். 2008-ல் இந்தியாவிலேயே முதல் தடவையாக இவர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள். ரேஷன் கார்டில் மூன்றாம் பாலினம் என்று இடம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவச அறுவை சிகிச்சை வந்தது. கேலிப் பெயர்கள் போய் திருநங்கை என்ற மரியாதையான பெயர் நிலைத்தது. ஏப்ரல் 15 திருநங்கையர் தினம் ஆனது. அதே ஏப்ரல் 15-ஆம் தேதி, 2014-ல், சுப்ரீம் கோர்ட் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புக் கொடுத்தது. தான் ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்று சொல்ல வேண்டியது அவரவர்தான் என்பதே அந்தத் தீர்ப்பு. 2018 செப்டம்பர் 6-ல் 377-ஆம் பிரிவையும், வயது வந்தவர்கள் மனமொப்பி வாழ்வது குற்றமில்லை என்று சொல்லித் தளர்த்தியது.

சட்டம் வந்ததும் சாதித்தவர்களும் வந்தார்கள். சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினியின் எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர் ஐகோர்ட்டுக்குப் போய் 2015-ல் ஜெயித்து, 2017-ல் தர்மபுரி மாவட்டத்தில் எஸ்.ஐ. ஆனார். மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022-ல் வேலூர் மாநகராட்சியில் ஒரு திருநங்கை கவுன்சிலராக ஜெயித்தார். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நம்மைப் போலவே அவர்களுக்கும் இலவசம்.

இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து சேர்ந்து வாழ வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு 2021-ல் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தை முதலில் தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டார். பிறகுதான் உத்தரவு போட்டார். போலீஸ் இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, வைத்தியம் பார்த்து மாற்றுகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது என்றார். அவ்வளவு படித்த நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால் நாம் கேட்பதில் என்ன குறைச்சல்?

ஆனால் கோர்ட் உத்தரவு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை, சகோதரிகளே. எங்க வீட்டையே சொல்றேன். எங்க மூத்தார் பிள்ளை பத்தாவது முடித்ததும் ஊர்க் கேலி தாங்காமல் போய்விட்டது. கார்டு புதுப்பிக்கும்போது அந்தப் பேரை மூத்தார் எடுத்துவிட்டார். மாமியார் இறந்தபோது அவள் புடவை கட்டி வந்து தெருவிலேயே நின்றாள். பங்காளிங்க பொணத்துக்கிட்ட விடவில்லை. எங்க அக்கா, அதாவது என் ஓரகத்தி, எழுந்து போய், "எம்பொண்ணு, அவ பாட்டிக்கு அவ அழட்டும்" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அம்மாவோடுதான் இருக்கிறாள். கறவை மாடு வைத்திருக்கிறாள். அப்பா இன்னும் பேசுவதில்லை.

தீர்மானத்துக்கு வரும் குழுவில் அவளும் ஒருத்தி. நம்ம குழுக்கள் மாதிரி 12 பேர் அவர்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு 5 பேரோடும் சிறப்புக் குழு தொடங்க வாழ்வாதார இயக்க விதியே இடம் கொடுக்குது. மாதா மாதம் சேமிப்புக் கட்டுகிறார்கள். தீர்மானப் புத்தகம், வரவு செலவுப் புத்தகம் சரியாக இருக்கிறது. நானே புரட்டிப் பார்த்தேன். உள்கடன் ஒன்றுகூடத் தவணை தவறவில்லை. கூட்டமைப்பில் சேர்ந்தால்தான் பெரிய கடனுக்கும் பயிற்சிக்கும் வழி. சேர்க்காவிட்டால் மறுபடியும் கந்துவட்டிக்காரனிடம் போக வேண்டியதுதான். அந்த வாசலை மிதித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும்.

"அவங்க வந்தா நம்ம பொண்ணுங்க கெட்டுப்போகும்", "பேங்க்ல நம்ம குழுவுக்கு மரியாதை போகும்" என்றெல்லாம் போன கூட்டத்தில் பேச்சு வந்தது. நாம் முதன்முதலில் குழு என்று கிளம்பியபோது நம்மையும் ஊர் இப்படித்தான் பேசியது. புருசனைக் கேட்காமல் பேங்குக்குப் போறாளுங்க என்றார்கள். கடனைக் கட்டிக்காட்டித்தான் அந்த வாயை மூடினோம்.

பொதுக்குழுவில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். கணக்கைப் பாருங்கள். சேமிப்பு, வருகை, தவணை என்று நமக்கு வைத்த அளவையே அவர்களுக்கும் வையுங்கள். அது போதும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு அவர்களைப் பற்றிப் பேசும்போது "அது வந்துச்சு, அதுங்க போச்சு" என்று பேச வேண்டாம். "அவங்க" என்றே சொல்லுவோம், தீர்மானப் புத்தகத்திலும் அப்படியே எழுதுவோம்.