இரு கண்களின் இடைவெளி

தானே வழி கண்டு செல்லும் இயந்திரங்களின் வரலாற்றைக் கூறுவோர் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வியந்திரங்கள் தொலைவை அறியும் முறையோ மிகப் பழையது. அம்முறைக்காக நம் புதுச்சேரி மண்ணில் ஒரு மனிதர் தம் வாழ்நாளின் நல்ல பகுதியைச் செலவிட்டார்.

கியோம் லெ ழான்தி என்னும் பிரெஞ்சு வானநூலார் 1760ஆம் ஆண்டில் தாயகத்தை விட்டுப் புறப்பட்டார். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும் அரிய காட்சியைப் புதுச்சேரியிலிருந்து அளப்பது அவருடைய நோக்கம். விரலொன்றை முகத்திற்கு நேரே நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரல் அண்மையில் இருந்தால் மாற்றம் மிகுதி. தொலைவில் இருந்தால் குறைவு. பூமியின் இரு மூலைகளில் நிற்போர் இரு கண்கள் ஆவரெனின், அவர்கள் கண்ட மாற்றத்தைக் கொண்டு சூரியனின் தொலைவைக் கணிக்கலாம். ஆனால், அவ்விரு கண்களுக்கும் உள்ள இடைவெளி தெரிந்திருக்க வேண்டும். அதாவது, ஒவ்வொருவரும் தாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும்.

1761ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய கப்பல் மலையாளக் கரையை நெருங்கியபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி எட்டியது. கப்பல் திரும்பிற்று. ஜூன் 6ஆம் நாள், நடுக்கடலில் அசையும் தளத்தின்மேல் நின்று வெள்ளியைக் கண்டார். கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் மிதக்கிறது என்பது உறுதியாகத் தெரியாமையால் அக்காட்சி ஆய்வுக்குப் பயன்படவில்லை.

எட்டாண்டுகள் கழித்து நிகழவிருந்த அடுத்த கடப்புக்காக அவர் கிழக்கிலேயே தங்கினார். 1768 மார்ச்சில் புதுச்சேரியை அடைந்தார். ஆளுநர் லா தெ லொரிஸ்தோனின் ஆதரவால், இடிந்து கிடந்த கோட்டையில் வானாய்வுக்கூடம் எழுந்தது. அவ்விடத்தின் நிலையைப் பொறுமையுடன் அளந்து தெளிந்தார். இங்கிருந்த தமிழ்க் கணியர் ஒருவரிடம் கிரகணக் கணிதமும் பயின்றார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை வானத்தை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பின்னரே கதிரவன் வெளிப்பட்டான். 1771இல் நாடு திரும்பியவரை, இறந்துவிட்டாரென முடிவுகட்டி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

கடலில் அவருக்குக் காட்சி கிடைத்தது, இடம் தெரியவில்லை. புதுச்சேரியில் இடம் தெரிந்தது, காட்சி கிடைக்கவில்லை. நடமாடும் இயந்திரத்திற்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொராவெக் என்பார் 1979இல் ஒரு சிறு வண்டியை நாற்காலிகள் நிறைந்த அறையைக் கடக்கச் செய்தார். அதன் படக்கருவி குறுக்குச் சட்டத்தில் நகர்ந்து, ஒரே காட்சியை ஒன்பது இடங்களிலிருந்து படமெடுத்தது. அப்படங்களின் வேற்றுமையால் தடைகளின் தொலைவைக் கணித்தது. சுமார் ஒரு மீட்டர் நகர்வதும், பல நிமிடங்கள் கணக்கிடுவதுமாக அறையைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரமாயிற்று.

சக்கரச் சுழற்சியை எண்ணித் தான் வந்த தொலைவை அறிவதும் உண்டு. சக்கரம் வழுக்கினால் பிழை நேரும். பிழை பிழையோடு சேர்ந்து வளரும். நம் சோழமண்டலக் கரை மாலுமிகள் இதை அறிவர். கடந்த தூரத்தை மதிப்பிட்டதோடு அமையாமல், அரபியர் கமால் என்றழைத்த முடிச்சுக் கயிற்றுப் பலகையை ‘இராப்பலகை’ என்ற பெயரில் ஏந்தித் துருவ நட்சத்திரத்தின் உயரத்தையும் பார்த்தனர். இயந்திரமும் அவ்வாறே, தெரிந்த அடையாளங்களைக் கண்டு தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், புதுச்சேரிக்கு அண்டையிலுள்ள விழுப்புரத்தைச் சேர்ந்தவர். 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி இரு படக்கருவிகளைக் கண்களாகக் கொண்டது. ஆகஸ்ட் 27ஆம் நாள் மூன்று மீட்டர் முன்னே நான்கு மீட்டர் அகலமுள்ள பள்ளம் தெரிந்தது. பூமியிலிருந்த வல்லுநர்கள் ஆணையிட, ஊர்தி வந்த தடத்திலேயே திரும்பி வேறு வழி சென்றது. நூறு மீட்டருக்கு மேல் நடந்தது.

அதன் இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஊர்தியைச் செய்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். லெ ழான்தி பதினோராண்டுகள் அலைந்தது அத்தகைய ஓர் அளவுக்காகவே.