ஆங்கில நகைச்சுவை நாவல்களில் காதல் குழப்பம்

ஒருவர் மனத்தை இன்னொருவர் தவறாகப் படித்துக்கொள்வதும், அந்தத் தவறு அவிழும்வரை காதல் கைகூடாமல் இழுபடுவதும் ஆங்கில நகைச்சுவை நாவலின் மிகப் பழைய கதைச்சரடு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி ஃபீல்டிங்கிடம் தொடங்கி ஃபேனி பர்னி, ஜேன் ஆஸ்டின், சார்லஸ் டிக்கன்ஸ், ஆண்டனி ட்ரோலோப் வழியாக 20ஆம் நூற்றாண்டின் பி. ஜி. வுட்ஹவுஸ் வரை அது அறுபடாமல் வருகிறது.

இன்றைய வாசகருக்கு இந்நாவல்களில் உடனே எழும் சந்தேகம் ஒன்று உண்டு. இருவரும் ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசியிருந்தால் கதை முடிந்திருக்குமே? பேச முடியாது என்பதுதான் விடை. யார் யாருடன் நடனமாடலாம், யார் யாருக்குக் கடிதம் எழுதலாம், கொடுத்த மணவாக்கை யார் திரும்பப் பெறலாம் என்பதற்கெல்லாம் அன்றைய இங்கிலாந்தில் விதிகள் இருந்தன. சில சட்டமாகவே இருந்தன. சிரிப்பு அந்த விதிகளின் இடுக்கிலிருந்துதான் பிறந்தது. தவறினால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போய்விடும் என்ற பயமும் அங்கேயே இருந்தது.

தொடக்கம்

ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' (1749) நாவலில் குழப்பம் நாடகமேடையின் சாயலோடு வருகிறது. அப்டன் என்ற ஊரின் சத்திரத்தில் டாம் வேறொரு பெண்ணோடு இருக்கும் இரவில், பிடிக்காத திருமணத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடிவந்த சோஃபியா அங்கே வந்துசேர்கிறாள். குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் தன் மென்மயிர் உறையை அவனுடைய காலிப் படுக்கையில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். டாம் செய்த தவறு உண்மைதான். ஆனால் அவளை அதைவிடப் புண்படுத்தியது, தன் பெயரை அவன் போகிற இடமெல்லாம் இழிவாகப் பேசித் திரிகிறான் என்ற செய்தி. அது பொய். பேசித் திரிந்தவன் டாமின் துணையாள், வாய் ஓயாத பார்ட்ரிட்ஜ்.

குழப்பத்தைப் பெண்ணின் பக்கமிருந்து சொல்லத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஃபேனி பர்னி. அவருடைய 'எவலினா' 1778இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. தந்தையின் கைப்பிரதிகளைப் படியெடுத்தவர் என்பதால் அச்சகத்தார் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று அஞ்சி, கையெழுத்தை மாற்றி எழுதினார். கிராமத்தில் ஒரு பாதிரியாரிடம் வளர்ந்த 17 வயது எவலினா லண்டனின் முதல் நடன விருந்திலேயே தவறிவிடுகிறாள். ஒருவர் நடனமாட அழைத்து மறுத்துவிட்டால் அன்றிரவு வேறு யாரோடும் ஆடக்கூடாது. அது தெரியாமல் ஒரு பகட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்து மறுத்துவிட்டு, ஆர்வில் பிரபுவோடு ஆடுகிறாள்.

பிறகு நடப்பது சிரிக்கும் விஷயமல்ல. உறவினர்கள் அவள் பெயரைச் சொல்லி ஆர்வில் பிரபுவின் வண்டியைக் கேட்டு வாங்கிவிட, எவலினா வெட்கத்தோடு அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறாள். அவள்மேல் கண்வைத்திருக்கும் சர் கிளெமென்ட் வில்லோபி அதை இடைமறித்து, ஆர்வில் பெயரில் அத்துமீறிய பதில் ஒன்றை எழுதி அனுப்புகிறான். மணம் பேசாத ஆணுக்கு ஒரு பெண் கடிதம் எழுதுவதே தவறாக இருந்த காலத்தில், அந்தப் பதிலைப் பற்றி அவள் யாரிடம் விசாரிப்பாள்? உடல்நலம் குன்றி, பிரிஸ்டல் அருகே வெந்நீர் ஊற்றுக்கு ஓய்வுக்குப் போகிறாள்.

கடிதத்தின் மொழி

ஜேன் ஆஸ்டின் (1775–1817) இந்தக் கடித விதியைத் தன் நாவல்களில் துப்புத் துலக்கும் கருவியாகவே மாற்றினார். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் (1811) மரியான் வில்லோபிக்குக் கடிதம் எழுதுவதைப் பார்க்கும் அக்காள் எலினார், இருவருக்கும் ரகசியமாக நிச்சயம் ஆகியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறாள். அன்றைய வழக்கப்படி அது நியாயமான ஊகம். உண்மையில் அப்படி எந்த நிச்சயமும் இல்லை. கதையின் இறுதியில், திரு. ஃபெரார்ஸுக்குத் திருமணமாகிவிட்டது என்று வேலைக்காரர் சொல்லும்போது எலினார் உடைந்துபோகிறாள். மணமகன் அவள் விரும்பிய எட்வர்ட் ஃபெரார்ஸ் அல்ல, தம்பி ராபர்ட் ஃபெரார்ஸ். குடும்பப் பெயரால் மட்டுமே ஆண்களைக் குறிப்பிடும் மரியாதை வழக்கம் ஒரு பெண்ணின் உயிரை எடுத்துத் திருப்பித் தருகிறது. (ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', 2000, இந்த நாவலின் தழுவல். வீட்டை இழந்து நகரத்துக்கு வரும் பெண்கள் என்ற அடித்தளத்தை அந்தப் படம் அப்படியே எடுத்துக்கொண்டது.)

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813 ஜனவரி 28 அன்று வெளிவந்தது. அதன் உரிமையை ஆஸ்டின் 110 பவுனுக்கு விற்றிருந்தார். ஜேன் பென்னட் அடக்கமான பெண்ணுக்குரிய முறைப்படி தன் ஆசையை வெளிக்காட்டாமல் இருக்கிறாள். அதைப் பார்க்கும் டார்சி, அவளுக்குத் தன் நண்பன் பிங்லிமேல் பற்றில்லை என்று எடுத்துக்கொள்கிறான். நல்ல வளர்ப்பே எதிராகச் சாட்சி சொல்கிறது. அவள் கொஞ்சம் கூடுதலாகவே காட்டிக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னவள் சார்லட் லூகாஸ். அவளுக்கு வயது 27, சொத்து இல்லை. காதலுக்குக் காத்திராமல் அசட்டுப் பாதிரியார் காலின்ஸை மணந்துகொள்கிறாள். பென்னட் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,000 பவுன். ஆண் வாரிசு இல்லாததால் தந்தைக்குப் பிறகு வீடும் நிலமும் அதே காலின்ஸுக்குப் போய்விடும். டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுன். இந்த எண்களை ஆஸ்டின் மறைக்கவில்லை.

எம்மா

இந்த மரபின் உச்சம் 'எம்மா'. 1815 டிசம்பரில் ஜான் மர்ரி பதிப்பித்தார். முதல் பதிப்பு 2,000 படிகள். எம்மா வுட்ஹவுஸ் 21 வயதுப் பணக்காரப் பெண். மற்றவர்களுக்குத் திருமணம் செய்துவைப்பதில் தனக்குத் தனித்திறமை உண்டு என்று நம்புகிறவள். பெற்றோர் யாரென்றே தெரியாத 17 வயது ஹாரியட் ஸ்மித்தை ஊர்ப் பாதிரியார் எல்ட்டனுக்கு முடித்துவைக்கத் திட்டமிடுகிறாள். அதற்காக, ஹாரியட்டை உண்மையாகவே விரும்பும் விவசாயி ராபர்ட் மார்ட்டினை அவள் மறுக்கும்படி செய்கிறாள்.

ஹாரியட்டின் படத்தை எம்மா வரைகிறாள். எல்ட்டன் அதை லண்டனுக்கு எடுத்துப்போய்ச் சட்டம் போட்டு வருகிறார். படத்தில் இருப்பவள்மேல் என்ன காதல் என்று எம்மா பூரிக்கிறாள். அவருக்குக் காதல் படம் வரைந்தவள்மேல். எல்ட்டன் ஒரு சொற்புதிர் எழுதித் தருகிறார். அரசவையைக் குறிக்கும் 'கோர்ட்', கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' இரண்டும் சேர்ந்தால் காதல் நாட்டத்தைக் குறிக்கும் 'கோர்ட்ஷிப்'. புதிரை நொடியில் அவிழ்க்கும் எம்மா, அது யாருக்கு எழுதப்பட்டது என்பதில் தவறுகிறாள். கூர்மதியைப் புகழும் அந்தப் புதிர் ஹாரியட்டுக்குப் பொருந்தாதே என்ற எண்ணம் அவளுக்கே வருகிறது. காதல் கண்ணை மறைத்துவிட்டது போலும் என்று அதையும் தள்ளிவிடுகிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், ஓடும் வண்டிக்குள், எல்ட்டன் அவள் கையைப் பற்றித் தன் காதலைச் சொல்கிறார்.

இந்தத் தவறை வாசகர் முன்பே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பெருமிதத்தோடு இரண்டாவது தவறில் எம்மாவோடு சேர்ந்து விழுவார். ஆஸ்டினின் சூழ்ச்சியே அதுதான். இளைஞன் ஃபிராங்க் சர்ச்சில் ஊருக்கு வருகிறான். அவனுக்கும் ஜேன் ஃபேர்ஃபேக்ஸுக்கும் ரகசியமாக நிச்சயம் ஆகியிருக்கிறது. அதை ஊரே அறியாது. ஜேன் மழையில் நனைந்தபடி அஞ்சல் நிலையத்துக்குப் போகிறாள். வேலையாளை அனுப்புகிறேன் என்று எல்ட்டனின் புது மனைவி எவ்வளவு சொன்னாலும் ஒப்ப மறுக்கிறாள். மருத்துவர் பெர்ரி வண்டி வாங்கப்போகிறாராமே என்று ஃபிராங்க் வாய்தவறிக் கேட்டுவிட்டு, யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றானதும் கனவில் கண்டிருப்பேன் என்று சமாளிக்கிறான். அந்தச் செய்தி ஜேன் தங்கியிருக்கும் வீட்டாருக்குத் தெரிந்திருந்தது என்பதை அவளுடைய பெரியம்மா மிஸ் பேட்ஸ் நிறுத்தாத பேச்சின் நடுவே போட்டுடைக்கிறாள். யாரும் காதில் வாங்குவதில்லை. வளவளவென்று பேசும் ஏழை முதிர்கன்னி என்று எம்மா அவளைத் தாண்டிப்போகிறாள்; வாசகரும் அந்தப் பத்திகளைத் தாண்டிப்போகிறார். துப்பறியும் நாவலாசிரியர் பி. டி. ஜேம்ஸ், 'எம்மா'வைத் துப்பறியும் கதையாகவே படிக்கலாம் என்று ஒரு தனி உரையே நிகழ்த்தினார். கொலை இல்லாத துப்பறியும் கதை. முதல்முறை படிப்பதைவிட இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அதன் இன்பம் முழுதாகக் கிடைக்கிறது.

ஃபிராங்க்கின் விளையாட்டுக்கு விலை கொடுப்பவள் ஜேன். அவளிடம் பணமில்லை. திருமணம் நடக்காவிட்டால் பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் போக வேண்டும். அந்தச் சந்தையை அவள் அடிமை வணிகத்தோடு சேர்த்துப் பேசுகிறாள். ஒரு கட்டத்தில் மனம் வெறுத்து நிச்சயத்தை முறித்து, அப்படியொரு வேலைக்குச் சம்மதமும் தந்துவிடுகிறாள். ஃபிராங்க்கின் பணக்கார மாமி அந்தச் சமயத்தில் இறந்துபோனதால்தான் கதை திரும்புகிறது.

மூன்றாவது தவறு எல்லாவற்றிலும் நுட்பமானது. தனக்கு மேம்பட்ட ஒருவரை விரும்புவதாக ஹாரியட் சொல்கிறாள். பெயர் வேண்டாம் என்று எம்மாவே தடுக்கிறாள். நாடோடிகளிடமிருந்து ஹாரியட்டைக் காப்பாற்றிய ஃபிராங்க் என்று அவள் நினைக்கிறாள். யாரும் ஆட முன்வராதபோது ஹாரியட்டை நடனத்துக்கு அழைத்துச் சென்ற நைட்லியைத்தான் அவள் சொன்னாள். அது தெரியவரும் நொடியில்தான், நைட்லி தனக்கே உரியவர் என்பதும் எம்மாவுக்குத் தெரிகிறது. அதன் பின்னும் நைட்லி, எம்மா ஃபிராங்க்கை இழந்து வாடுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வருகிறார். எம்மாவோ அவர் ஹாரியட் பற்றிச் சொல்லப்போகிறார் என்று பயந்து பேச்சைத் தடுக்கிறாள். தோட்டத்தை இன்னொரு சுற்று வராமல் இருந்திருந்தால் இருவரும் அப்படியே பிரிந்திருப்பார்கள்.

நீதிமன்றத்தில் காதல்

மணவாக்கை மீறுவது இங்கிலாந்தில் நஷ்டஈட்டு வழக்குக்குரியதாக இருந்தது. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' (1836–37) இதை வைத்தே தன் மிகப் பெரிய வேடிக்கையைக் கட்டுகிறது. வேலையாள் ஒருவனை அமர்த்த எண்ணும் திரு. பிக்விக், ஒருவருக்கு ஆவதைவிட இருவருக்குச் செலவு அதிகமாகுமா என்று வீட்டுக்காரி திருமதி பார்டெல்லிடம் கேட்கிறார். கைம்பெண்ணான அவள் அதைத் திருமணப் பேச்சாக எடுத்துக்கொண்டு அவர் கைகளில் மயங்கிச் சாய, சரியாக அந்த நேரத்தில் நண்பர்கள் நுழைகிறார்கள். வழக்கில், இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சியும் தக்காளிச் சாறும் கேட்டு அவர் எழுதிய துண்டுச்சீட்டு மறைபொருள் பொதிந்த காதல் கடிதமாக வாசிக்கப்படுகிறது. தீர்ப்பு, 750 பவுன் நஷ்டஈடு.

பிக்விக் ஏன் எழுந்து உண்மையைச் சொல்லவில்லை? இந்த வகை வழக்கில் வாதியும் பிரதிவாதியும் சாட்சி சொல்ல அன்றைய சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தடை 1869இல்தான் நீங்கியது. காதல் விவகாரத்தில் சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் வாய்திறக்கக் கூடாது என்பதை எந்த நகைச்சுவை எழுத்தாளரும் இவ்வளவு கச்சிதமாகக் கற்பனை செய்திருக்க முடியாது. அபராதம் கட்ட மறுத்து பிக்விக் ஃபிளீட் சிறைக்குப் போகிறார். பிறகு திருமதி பார்டெல்லையும் அதே சிறைக்கு அனுப்புகிறவர்கள் அவளுடைய வக்கீல்களேதான், தங்களுக்கு வரவேண்டிய செலவுத்தொகைக்காக. தொடர் வெளிவரத் தொடங்கிய 1836இல், பிரதமர் மெல்பர்ன் பிரபுமீது கரோலின் நார்ட்டனின் கணவர் தொடுத்த வழக்கை நிருபராக இருந்து செய்தியாக்கியவர் டிக்கன்ஸ். நீதிமன்றம் ஆண்–பெண் உறவை எப்படிப் பேசும் என்பது அவர் காதால் கேட்டதுதான்.

ட்ரோலோப்பின் 'பார்செஸ்டர் டவர்ஸ்' (1857) வேறொரு வழியில் போகிறது. ஆண்டுக்கு 1,200 பவுன் வருமானமுள்ள இளம் கைம்பெண் எலினார் போல்ட், வழுக்கிப் பேசும் பாதிரியார் ஸ்லோப்பை மணக்கப்போகிறாள் என்று குடும்பமே நம்புகிறது. மனைவியின் பணம் பெரும்பாலும் கணவன் கைக்குப் போன காலம் அது; 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை முழுதாக மாற்றியது. எனவே உறவினர்களின் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. நேராகக் கேட்காத குற்றச்சாட்டுக்கு மறுப்புச் சொல்ல எலினாரின் தன்மானம் விடவில்லை. ட்ரோலோப்போ கதையை நிறுத்திவிட்டு, அவள் ஸ்லோப்பை மணக்கப்போவதில்லை என்று வாசகரிடம் நேரடியாகவே சொல்லிவிடுகிறார். முடிவு தெரிந்த பிறகும் பக்கங்கள் நகர்கின்றன. கடைசியில் எலினார் ஸ்லோப்புக்குக் கொடுக்கும் அறை, காத்திருந்த வாசகருக்குக் கிடைக்கும் பரிசு.

வுட்ஹவுஸ்

வுட்ஹவுஸ் (1881–1975) எழுதியபோது பெண்களின் பிழைப்பு திருமணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. பயம் இப்போது ஆணுக்கு மாறுகிறது. 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' (1934) நாவலில் பெர்ட்டி ஊஸ்டர், நியூட் என்னும் பல்லி போன்ற நீர்வாழ் உயிர்களை வளர்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத நண்பன் கஸ்ஸிக்காக மேடலைன் பாசெட்டிடம் தூது போகிறான். இங்கே ஓர் இதயம் உங்களுக்காக ஏங்குகிறது என்கிறான். அவன் இதயத்தைத்தான் சொல்கிறான் என்று அவள் முடிவுசெய்துவிடுகிறாள். கஸ்ஸியோடு முறிந்தால் உங்களையே மணப்பேன் என்கிறாள். பெண் தருவதை மறுப்பது கனவானுக்கு அழகல்ல என்பதால், அடுத்த பல நாவல்களில் கஸ்ஸி–மேடலைன் நிச்சயத்தைக் கட்டிக்காப்பதே பெர்ட்டியின் தலைவிதியாகிறது. 1963இல் கஸ்ஸி வேறொரு பெண்ணோடு ஓடிப்போகிறான்.

மணவாக்கு மீறல் வழக்குகளை இங்கிலாந்து 1970இல் சட்டமியற்றி ஒழித்தது. அது 1971 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு, 90 வயதை எட்டிய வுட்ஹவுஸின் 'மச் ஆப்ளைஜ்டு, ஜீவ்ஸ்' வெளியானது. அதில் மேடலைன் மறுபடியும் பெர்ட்டியை மணக்க முன்வருகிறாள். பெர்ட்டி மறுபடியும் மறுக்கத் தெரியாமல் நிற்கிறான்.