எபிடாரஸின் சாய்தளங்கள்

பழைய கட்டடங்களுக்கு வீல்சேரில் போகிறவர்கள் எந்த ஊரிலும் கேட்கிற வசனம் ஒன்று உண்டு. "இது பாரம்பரியக் கட்டடம், ஒண்ணும் செய்ய முடியாதுங்க." சொல்கிறவர் பெரும்பாலும் உண்மையான வருத்தத்தோடுதான் சொல்வார். அந்தக் காலத்தில் நடக்க முடியாதவர்களை யார் நினைத்தார்கள், இன்று எதையாவது ஒட்டவைத்தால் பழமை கெட்டுப்போகும் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. இது எவ்வளவு சரி என்று பார்ப்பதற்கு, கிரேக்கத்தின் எபிடாரஸைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பெலொப்பனீஸ் பகுதியில், ஒரு குன்றின் சரிவைக் குடைந்து கட்டிய நாடக அரங்கம் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 34 வரிசை இருக்கைகள். பின்னர் மேலே இன்னும் 21. மொத்தம் 55 வரிசை, ஏறக்குறைய 13,000 முதல் 14,000 பேர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணி பௌசானியஸ், இதன் அழகுக்கும் அளவொழுங்குக்கும் ஈடே இல்லை என்கிற தோரணையில் எழுதிவைத்தார். பிறகு மண் மூடியது. 1881இல் பனாயோடிஸ் கவாடியாஸ் தோண்ட ஆரம்பித்தார். 1938இல் சோஃபோக்ளிஸின் 'எலெக்ட்ரா' இங்கே அரங்கேறியது. 1950களிலிருந்து கோடைதோறும் நாடக விழா.

வீல்சேரில் போனால் இந்த அரங்கத்தின் கட்டமைப்பு வேறு விதமாகப் புரிகிறது. மேடைக்கும் இருக்கைகளுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் கல் வாசல்களோடு சமதள வழிகள். கோரஸ் ஆடிப்பாடி உள்ளே வந்த வழி அது. அதன் வழியாகப் போனால் சுமார் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம், கெட்டித்த மண் தரை. சக்கரம் அதுவரைக்கும் உருளும். அதற்குமேல் படி, படி, படி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேடைக் கட்டடத்தின் இருபுறமும் சாய்வான வழிகள் இருந்தன. நடிகர்கள் மேடையின் மேல்தளத்துக்கு ஏறிப்போக. ஆக, கட்டினவருக்குச் சாய்தளம் தெரியாமல் இல்லை. நடிகருக்குக் கொடுத்தார், பார்க்க வந்தவருக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

படிகளைத் திட்டிவிட்டு மட்டும் போகவும் முடியாது. இந்த அரங்கின் புகழே அதன் ஒலி. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, அடுக்கடுக்கான சுண்ணாம்புக்கல் இருக்கைகள் தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டி, பேச்சுக்குரிய மேல் அதிர்வுகளைத் தெளிவாகத் தருகின்றன என்றது. என்னைத் தடுக்கிற படிதான் குரலை மேலே கொண்டுபோகிறது! ஆனால் நடுவில் காசு போட்டால் கடைசி வரிசையில் துல்லியமாகக் கேட்கும், கிசுகிசுத்தாலே கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வது கொஞ்சம் ஓவர். 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருவிகளோடு வந்து அளந்தபோது, கிசுகிசுப்பு முன்வரிசைக்கு மட்டுமே புரியும் என்று தெரிந்தது. முன்வரிசை என்றால் சமதளத்துக்குப் பக்கத்தில் இருப்பது. கௌரவ விருந்தினர்களுக்கென்று முதுகுசாய்ப்பு வைத்த இருக்கைகள் அங்கேதான் இருந்தன. பெரிய மனிதர்கள் படியேறவில்லை.

இந்த அரங்கம் தனியாக நின்ற ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இது அஸ்க்லெப்பியஸ் என்ற மருத்துவக் கடவுளின் தலத்தைச் சேர்ந்தது. அங்கே யார் வந்தார்கள்? பார்வை இழந்தவர்கள், கை கால் வராதவர்கள், தீராத நோய்க்காரர்கள். இரவு ஒரு மண்டபத்தில் படுப்பார்கள், கனவில் கடவுள் வருவார். குணமான கதைகளைக் கல்லில் பொறித்து நிறுத்தினார்கள். லாம்ப்சக்கஸ் ஊர்க்காரர் ஹெர்மோடிகஸ் உடல் முழுக்க முடங்கிப்போனவர். தூக்கத்திலேயே குணப்படுத்திவிட்டு, வெளியே போய் உன்னால் முடிந்த பெரிய கல்லைத் தூக்கிவா என்றாராம் கடவுள். இன்னொருவர் நிகானோர், கால் ஊனமுற்றவர். உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு ஓட, இவர் எழுந்து துரத்தினார், குணமாகிவிட்டது. (இந்த வைத்தியத்தை என்னிடம் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.)

கதைகளை நம்ப வேண்டியதில்லை. அந்த மனிதர்கள் வந்ததை நம்பலாம். கட்டடங்களே சாட்சி. கி.மு. 370 வாக்கில் எழுந்த அஸ்க்லெப்பியஸ் கோயிலின் முகப்பில் படி இல்லை, கல் சாய்தளம். அமெரிக்கத் தொல்லியல் ஆய்வாளர் டெபி ஸ்னீட் 2020இல் 'ஆன்டிக்விட்டி' இதழில் எழுதிய கட்டுரையில், எபிடாரஸில் மட்டும் 9 கட்டடங்களில் 11 சாய்தளங்களைக் கணக்கிட்டார். ஒலிம்பியா போன்ற மிகப் பெரிய தலங்களில்கூட இத்தனை கிடையாது. நோயாளிகள் வரும் இடத்தில்தான் சாய்தளம் குவிந்திருக்கிறது என்பது அவர் வாதம்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெலொப்பனீஸ் கோயில்களில் சாய்தளம் பொதுவான பழக்கம்தான், குழந்தைகள், முதியவர்கள், ஊர்வலம் எல்லோருக்கும் உதவியது என்றார்கள். பலி விலங்குகளுக்காக என்பது இன்னும் பழைய விளக்கம். அது எனக்கு ஒட்டவில்லை. பலிபீடம் கோயிலுக்கு வெளியே இருக்கும்போது ஆடு எதற்காக உள்ளே ஏறுகிறது? மற்ற ஆட்சேபம் நியாயமானது, ஆனால் அது ஸ்னீட்டின் வாதத்தைப் பெரிதாக்குகிறதே தவிரக் குறைக்கவில்லை. எல்லோருக்கும் உதவும் வழியை எல்லோருக்குமாகக் கட்டினார்கள் என்றால், இன்று நாம் கேட்பதும் அதைத்தானே.

நாடகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரேக்க மேடை நொண்டி நடந்தவர்களால் நிறைந்தது. ஈடிபஸ் என்ற பெயருக்கே வீங்கிய பாதம் என்று பொருள். கி.மு. 409இல் சோஃபோக்ளிஸுக்கு முதல் பரிசு வாங்கித் தந்த 'பிலோக்டெடிஸ்', பாம்பு கடித்து அழுகிய காலோடு தீவில் கைவிடப்பட்ட வீரனின் கதை. யூரிப்பிடிஸ் முடவர்களாக உருவாக்கித் தள்ளுகிறார் என்று அரிஸ்டோஃபனிஸ் கிண்டலடிக்கும் அளவுக்கு அப்படிப்பட்ட பாத்திரங்கள் இருந்தன.

'பிலோக்டெடிஸ்' அரங்கேறிய டயோனிசஸ் அரங்கம் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. அதை ஒட்டி அங்கேயும் ஓர் அஸ்க்லெப்பியஸ் தலம். குன்றின் உச்சிக்கு வீல்சேர் போக 2004 பாராலிம்பிக்ஸ் சமயத்தில் ஒரு லிஃப்ட் வைத்தார்கள், அது அடிக்கடி பழுதாகும். 2020 டிசம்பரில் புதிய லிஃப்ட் வந்தது, மேலே கான்கிரீட் பாதைகளும் போட்டார்கள். பழமையைச் சிதைத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டை. கான்கிரீட்டின் அகலம், நிறம் பற்றிய குறைகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் படியில்லாத பாதையே அந்நியம் என்று பேசினால் வரலாறு இடிக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே குன்றின் மேற்குப் பக்கம் ஊர்வலம் ஏறுவதற்கு ஒரு மாபெரும் சாய்தளம் இருந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நுழைவாயில் மண்டபத்தைக் கட்டியபோதும் நடுவழியில் படி வைக்கவில்லை. அந்தச் சாய்தளத்துக்குப் பதிலாகப் பளிங்குப் படிக்கட்டு போட்டது, பல நூற்றாண்டு கழித்து, ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில்.