ஹோல்டன் கால்ஃபீல்டு மனநோயாளியா?

1951 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு நாவல் வெளிவந்தது. பெயர் 'தி கேட்சர் இன் த ரை'. எழுதியவர் ஜே. டி. சாலிஞ்சர். கதையைச் சொல்பவன் ஹோல்டன் கால்ஃபீல்டு என்ற 17 வயதுப் பையன். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்ததைத்தான் சொல்கிறான். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன் வீட்டுக்குப் போகப் பயந்து நியூயார்க் நகரத்தில் சுற்றுகிறான். பெரியவர்கள் எல்லோரும் போலிகள் என்கிறான். காரணமில்லாமல் அழுகிறான். ஜன்னலிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறான். கதை சொல்லும்போது அவன் இருப்பது கலிபோர்னியாவில் ஒரு சிகிச்சை இடத்தில். அங்கே ஒரு மனநல மருத்துவரும் இருக்கிறார்.

அப்படியானால் இவன் மனநோயாளியா? வாசகர்கள் இன்றுவரை கேட்கும் கேள்வி இது. ஆனால் 'மனநோய்' என்ற சொல்லின் பொருளே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதனால் கொஞ்சம் வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் நாவல் என்ன சொல்கிறது? ஹோல்டனுக்கு 13 வயதாக இருந்தபோது தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். ஆலிக்கு வயது 11. அன்று இரவு ஹோல்டன் கார் ஷெட்டில் படுத்து, அதன் ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் கையாலேயே குத்தி உடைத்தான். கை காயத்தோடு மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்குக்கும் போக முடியவில்லை. கண்ணாடியை உடைத்ததற்காக அவனை மனப்பகுப்பாய்வுக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் யோசித்தார்கள். பிறகு வெவ்வேறு விடுதிப் பள்ளிகள். அவற்றில் ஒன்றில், ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே ஒரு மாணவன் ஜன்னலிலிருந்து குதித்து இறந்தான். இவ்வளவும் 16 வயதுக்குள்!

அந்தக் காலத்து மருத்துவம் எப்படி இருந்தது? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்களை வகைப்படுத்திய முதல் கையேடு வந்ததே 1952இல், அதாவது நாவலுக்கு அடுத்த ஆண்டில். வசதியுள்ள குடும்பங்களுக்கு ஃப்ராய்டு வழி மனப்பகுப்பாய்வு இருந்தது. மற்றவர்களுக்குப் பெரிய அரசு மனநல மருத்துவமனைகள். 1955இல் அவற்றில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்ற நோய்ப்பெயர் கையேட்டில் ஏறியது 1980இல். நீடித்த துயரக் கோளாறு என்பது 2022இல்தான் சேர்ந்தது. இறப்பு நடந்து ஆறு மாதங்களுக்குப் பிறகும் கடுமையான துயரம் விடாமல் வாட்டினால், சிறுவர்களுக்கு அது பொருந்தலாம். ஆலி இறந்து மூன்று ஆண்டுகள் கழித்தும், தெருவைக் கடக்கும்போது காணாமல் போய்விடுவோமோ என்று பயந்து, தன்னைக் காப்பாற்றும்படி ஆலியிடமே கெஞ்சுகிறான் ஹோல்டன்.

சிலர் வேறொரு விளக்கம் தருவார்கள். சாலிஞ்சர் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படைவீரர். 1945இல் போர் தந்த மன உளைச்சலுக்காக ஜெர்மனியில் மருத்துவமனையில் சேர்ந்தவர். எனவே ஹோல்டனின் வலி உண்மையில் ஒரு படைவீரனின் வலி என்பது இவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஹோல்டன் வரும் ஒரு சிறுகதையை 'நியூயார்க்கர்' இதழ் 1941இலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. போரால் தள்ளிப்போய் 1946இல் அது அச்சானது. போருக்குப் போகும் முன்பே ஹோல்டன் பிறந்துவிட்டான்.

1980 டிசம்பரில் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றவன் கையில் இந்த நாவல் இருந்தது. அதன்பின் ஹோல்டன் ஆபத்தானவன் என்ற எண்ணம் பரவியது. நாவலிலோ ஹோல்டன் யாரையும் கொல்லவில்லை. மலை விளிம்பில் ஓடிவரும் குழந்தைகள் கீழே விழாமல் பிடிப்பதுதான் அவன் கனவு.

அவனுக்கு உதவி தேவைப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கண்ணாடி உடைந்ததைப் பார்த்த பெரியவர்கள், அது ஏன் உடைந்தது என்று அவனோடு உட்கார்ந்து பேசியதாக நாவலில் எங்குமே இல்லை. உனக்குப் பிடித்த ஒன்றைச் சொல் என்று கேட்டவள் 10 வயதுத் தங்கை ஃபீபி மட்டும்தான். அவன் சொன்ன பதில்: ஆலி. இந்தப் பையனுக்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன், இவனுக்கு என்ன நடந்தது என்று கேட்டிருந்தால், அந்தப் பதில் மூன்று ஆண்டுகள் முன்பே கிடைத்திருக்கும்.