திசைதிருப்பிக்குள் புகுந்த எண்ணெய்

பாரவண்டிகளின் ஸ்டீயரிங்கைத் திருப்ப ஓட்டுநர்கள் பட்ட பாட்டை அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் நேரில் கண்ட பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ், வேலையை விட்டு விலகி, மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் சொந்தப் பட்டறை அமைத்து, 1926இல் பவர் ஸ்டீயரிங்கை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். எஞ்சினால் சுழலும் பம்பு எண்ணெயை அழுத்த, கட்டுப்பாட்டு வால்வு அதைப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குச் செலுத்திச் சக்கரத்தைத் திருப்புவதே அதன் அடிப்படை. ஆயினும், பொருளாதாரப் பெருமந்தத்தின் நெருக்கடியில் கார் நிறுவனங்கள் அதை ஏற்கத் தயங்கியதால், இரண்டாம் உலகப்போரின் கனரக இராணுவ வண்டிகளிலேயே அது முதலில் பரவலாயிற்று; பொதுமக்கள் வாங்கும் காரில் 1951இல்தான், கிறைஸ்லர் இம்பீரியல் வழியாக, அது இடம்பெற்றது. கால் நூற்றாண்டுக் காத்திருப்பு அந்தக் கண்டுபிடிப்பாளருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்லவேண்டும்.

இதனோடு வண்டி வைத்திருப்போருக்கு ஒரு புதிய கடமையும் வந்தது. எண்ணெய்க் கலத்தின் மூடியோடு இணைந்த அளவுக்கோலைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பதே அது. சூட்டில் எண்ணெய் விரிவதால், குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் பல கோல்களில் தனித்தனிக் கோடுகள் உண்டு. பல நிறுவனங்கள் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கான செந்நிற எண்ணெயையே இதற்கும் பரிந்துரைத்தன. மூடிய சுற்றில் ஓடும் இந்த எண்ணெய் எரிந்து தீர்வதில்லையாதலால், அளவு குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது பம்பைக் கெடுக்கும் வழக்கமாகும். 1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோவில் மின்மோட்டார் முறை அறிமுகமாகி, பின்னர் பெரும்பாலான கார்களுக்கும் பரவியதால், அவற்றில் இந்த எண்ணெய்க் கலமே இல்லை.